கழற்றி வைத்த சிவப்பு விளக்கு

பேய், காத்து, கருப்பு எதையும் நான் நம்புகிறவன் இல்லை. எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் பதினாறு வருஷமாக கார் மெக்கானிக், வண்டியில் ஏதோ இருக்கிறது என்று யாராவது பயந்து வந்தால் பானெட்டைத் திறந்து எலியைக் காட்டி அனுப்புகிறவன். நீங்களும் இதை நம்ப வேண்டாம். நம்பாவிட்டால் எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான், ஏனென்றால் இதில் பேயைவிட அசிங்கமானது நான் செய்த காரியம்.

ஸ்டெல்லா அக்கா எங்கள் தெருக்காரர். கன்னியாகுமரிக் கடற்கரைக் குடும்பம், புருஷன் மீன்பிடிப் படகில் போய்விடுவார், அக்காதான் ஒரு பழைய காரை எல்லா இடத்துக்கும் ஓட்டிக்கொண்டு போவார். அன்று அதே புகாரோடு மூன்றாவது தடவையாக வந்து நின்றார்.

"தம்பி, மீட்டர்ல அந்த செவப்பு பிரேக் லைட்டு மறுபடியும் எரியுது. பிரேக்கும் ரொம்ப டைட்டா இருக்கு, பாத்துக்க."

டைட் என்பது எங்கள் தொழிலில் நல்ல வார்த்தை. பிரேக் லூஸ் என்று வருவார்கள், டைட் பண்ணி அனுப்புவோம். மிதித்தால் இறங்க மறுக்கிறது என்று அக்கா சொன்னதை, நன்றாகப் பிடிக்கிறது என்று என் காது எடுத்துக்கொண்டது. "டைட்டா இருந்தா நல்லதுதானேக்கா" என்று சிரித்தேன். ஒரு தடவை உட்கார்ந்து மிதித்துப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

முதல் தடவை வந்தபோது பிரேக் ஆயில் குறைந்திருந்தது, ஊற்றினேன், அடியில் குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அதனால் இரண்டாம் தடவை பானெட்டையே திறக்காமல் ஆயில் குறைந்தால் விளக்கைப் போடும் சுவிட்சில் கோளாறு என்று முடிவு கட்டி, புதுசு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரணும் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவையான அன்று, கப்பல் வரும்வரை இவர் தினமும் வந்து நிற்பாரே என்ற எரிச்சலில், அக்கா பக்கத்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து மீட்டரைக் கழற்றி அந்தச் சின்ன பல்பை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சொல்லவே நாக்கு கூசுகிறது.

"சரி பண்ணிட்டியா தம்பி?"

"பக்கா. இனி எரியாதுக்கா."

இந்தத் தீவில் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, 'சலேகா'. ஓடும், சமாளிக்கலாம், அவ்வளவுதான் அர்த்தம். அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் ஆட்டோ ஓட்டும் பெங்காலி நண்பர் பிமல் போன் பண்ணினார், உடனே படகுத்துறை ஜெட்டிக்கு வா என்றார். லாங் ஐலண்ட் படகு அப்போதுதான் வந்திருந்தது, மூட்டையும் பிள்ளைகளுமாகக் கூட்டம் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குச் சற்று மேலே அக்காவின் கார் ஓரச் சாக்கடையில் மூக்கைக் குத்தி நின்றது. அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"லைட்டு எரிஞ்சிச்சு தம்பி. மேல முக்குல திரும்பும்போதே பளிச்சுன்னு எரிஞ்சிச்சு. இனி எரியாதுன்னு நீ சொல்லியிருந்தியா, அப்பவும் எரிஞ்சா நெசமாவே கோளாறுதான்னு பயந்து அங்கயே ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டேன், வேகம் பாதி கொறைஞ்சுச்சு. அப்புறம் காலால மிதிச்சா கல்லு மாதிரி, இறங்கவே இல்ல. சாக்கடைப் பக்கம் ஒடிச்சு விட்டேன். இல்லன்னா அந்தப் புள்ளைங்க மேலதான் போயிருப்பேன்."

பிமல் கார் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே கை காட்டினார். "பத்தி தோ அபி பி ஜல் ரஹா ஹை." விளக்கு இப்போதும் எரிகிறதே என்கிறார்.

குனிந்து பார்த்தேன். எரிந்தது. வெயில் பட்டுச் சிவந்திருக்கும் என்பீர்கள், அன்று முழுக்க மழை மூட்டம். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, பல்பு அங்கேதான் இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வண்டியை இழுக்க ஆள் பார்க்கிறேன் என்றேன்.

கடைக்குக் கொண்டுவந்து ஷட்டரை இறக்கிவிட்டு மீட்டரைத் திறந்தேன். பல்பு இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டை. சாவியை எத்தனை தடவை போட்டாலும் இருட்டுதான். பிறகு பிரேக்கைப் பார்த்தேன், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போய், ஆயில் வெளியே சொட்டாமல், மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குள்ளேயே இறங்கி அதையும் கெடுத்திருந்தது. இன்ஜினை அணைத்து நாலு தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் பூஸ்டர் போச்சு. நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா?

பாகங்கள் வந்து எல்லாம் மாற்றினேன், அதே பல்பை அதே இடத்தில் மாட்டினேன். அக்கா தெருவெல்லாம், சர்ச்சிலும்கூட, செல்வம் தம்பி சரிபண்ணிக் கொடுத்த லைட்டுதான் அத்தனை பேரையும் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டார். வாராவாரம் மீன் குழம்பு வருகிறது. உண்மையைச் சொல்லிவிட இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போனேன். "வா தம்பி, சாப்பிடு" என்றார், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

போன வாரம் கடைக்கு வந்தார்.

"லைட்டு எரியுது தம்பி, சாவி போட்டா வருது. ஆனா மங்கலா இருக்கு, இது அது இல்ல. அன்னைக்குப் போட்டிருந்தியே ஒண்ணு, அதையே போட்டுக் குடேன்."

தேடிப் பார்க்கிறேன்க்கா என்றேன்.