ஆடுகளுக்கு வைத்த ஆங்கிலப் பெயர்கள்

பதினோராம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளைக் கரியாலூர்க்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, எதற்கும் அலட்டிக்கொள்ளாத நடை. ஆங்கில டீச்சர் தரும் கடினமான வார்த்தைகளை அவள் மனப்பாடம் செய்ததே இல்லை. லீவுக்குத் தியாகதுருகம் ஹாஸ்டலிலிருந்து மலையேறி ஊருக்குப் போனதும், வீட்டு ஆடுகளுக்குக் குணம் பார்த்து அந்த வார்த்தைகளையே பெயராக வைத்துவிடுவாள்.

அரையாண்டு ஆங்கிலப் பரீட்சை அன்று இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்ததால் தியாகதுருகம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. இருவரும் இறங்கிக் கள்ளக்குறிச்சியில் இருக்கும் பள்ளிக்கு நடந்தோம். பயத்தில் எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோனது.

“ஆப்ஸ்டினேட்டுக்கு இன்னா அர்த்தம்டி?” என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

“எங்கூட்டுக் கெடா. தழைய காட்டிக்கினே இழுத்தாலும் நவுராது. அவ்ளோ பிடிவாதம்.”

“வொராஷியஸ்?”

“அதோட தங்கச்சி. காயப்போட்ட துணியக்கூட வுடாது, தின்னுடும்.”

சிரித்ததில் பயம் போய்விட்டது. கேள்வித்தாளில் அந்தக் கெடாவே வந்து நின்றது, எழுதிவிட்டேன்.

திரும்பும்போது, “எனக்கு இன்னா பேரு வச்சிருக்க?” என்றேன்.

தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “உனுக்குப் பொருத்தமானது இன்னும் பாடத்துல வரலடி.”

இன்றும் அகராதியில் புது வார்த்தை எதைக் கண்டாலும், முதலில் என்மேல் போட்டுத்தான் பார்க்கிறேன்.