நல்லபடியாகச் சொன்னார்கள்

நாகராஜைத் தூக்குக் கயிறு வரை கொண்டுபோனதில் பாதி அவன் செய்த வேலை. மீதியைத் தாராவியில் எங்கள் சந்து செய்தது. சந்து அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. புகழ்ந்தது.

முதலில் அவன் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். நஜிமுதீனின் தோல்பைப் பட்டறை இருந்த இடத்தின் மேல் வானமாமலைக்கு ஒரு கண். வானமாமலை எங்கள் பகுதியின் தாதா. கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மாலையும் அவருக்குத்தான். நஜிமுதீன் இடத்தைத் தர மறுத்தார். வானமாமலையின் ஆளான நாகராஜ் ஒரு மத்தியானம் பட்டறை ஷட்டரை இழுத்துப் பூட்டித் தீ வைத்தான். உள்ளே நஜிமுதீனோடு, அவருக்குச் சோறு கொண்டுபோன மகள் பரீஹாவும் இருந்தாள். அவள் கத்தியது அவன் காதில் விழுந்தது. அவன் திறக்கவில்லை. இதற்கெல்லாம் நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. புருஷனையும் மகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த ராபியா இன்னும் இதே சந்தில்தான் இருக்கிறாள்.

வானமாமலை மேல் வழக்கே நிற்கவில்லை. நாகராஜுக்குத் தூக்கு என்று கீழ்க்கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

இனி அவன் வளர்ந்த கதை. அப்பா பூதத்தான், குடித்தால் பேய், குடிக்காவிட்டால் பெரிய பேய். அம்மா ஆறுமுகத்தாய் விடியும் முன்பே இட்லி அவித்து விற்கப் போய்விடுவாள். பையன் வெளியே ஓடிவிடக் கூடாது என்று பூதத்தான் அவனைச் சைக்கிள் சங்கிலியால் கட்டில் காலோடு பூட்டிவிட்டுப் போவான். சில நாள் சாயங்காலம் வரைக்கும் அவன் திரும்ப மாட்டான். பையன் கட்டின இடத்திலேயே மூத்திரம் போவான், அதற்கும் அடி விழும். கரண்டியைக் காய்ச்சித் தொடையில் வைத்த தழும்புகள் இப்போதும் இருக்கின்றன. ஆறாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு செல்போன் திருட்டில் பிடிபட்டுச் சிறுவர் காப்பகத்துக்குப் போனான். அங்கே பெரிய பையன்கள் என்ன செய்தார்கள் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி வந்த பிறகு முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குவான்.

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வயிறு நிறையப் பரோட்டா வாங்கிக் கொடுத்த முதல் மனுஷன் வானமாமலை. அதற்குப் பிறகு அவர் கை காட்டிய ஆளையெல்லாம் இவன் அடித்தான். அடி வாங்கியே வளர்ந்தவனுக்கு அடிப்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தையா என்ன?

மேல்கோர்ட்டில் அவனுக்காக வாதாடியவள் சாதனா என்ற மராத்திப் பெண். வயதில் சின்னவள், கெட்டிக்காரி. இப்படிப்பட்ட வழக்கில் தூக்கை உறுதி செய்யும் முன் ஆள் எப்படி வளர்ந்தான் என்று கோர்ட் ஒரு அதிகாரியை அனுப்பி விசாரிக்கும். அவன் பட்ட பாடு தெரிந்தால் தூக்கு ஆயுளாகக் குறையலாம். சாதனா ஆறுமுகத்தாயிடம், “ஸப் ஸச் பதானா, மௌஸி,” என்று எல்லா உண்மையையும் சொல்லச் சொன்னாள். ஆறுமுகத்தாயும் “ஹாங், ஹாங்” என்று தலையாட்டினாள்.

ஆனால் எங்கள் சந்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. பெண் வீட்டார், பாஸ்போர்ட் போலீஸ், கம்பெனி ஆள் என்று யார் வந்து யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரித்தாலும் நல்லபடியாகச் சொல்ல வேண்டும். நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேயிலும் ஐரோலியிலும் எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் முடிந்ததெல்லாம் இப்படித்தான். குடிகாரன் ‘சாது’ ஆவான், வேலைவெட்டி இல்லாதவன் ‘பிஸினஸ்’ செய்வான்.

கையில் பையோடு அதிகாரி வந்தார். சந்து வழக்கம் போல மானத்தைக் காத்தது. அடுத்த வீட்டு விஜயராணிக்கு ஹிந்தி நன்றாக வரும். “பஹுத் அச்சா லட்கா, ஸாப்,” என்று அவனுக்கு நல்ல பிள்ளைப் பட்டம் கொடுத்தாள். “அவங்க அப்பா தங்கமான மனுசன், சத்தமாப் பேசிக் கேட்டதில்ல,” என்றாள். அவள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் மறைப்பு. எல்லா இரவும் எல்லாம் கேட்டவள் அவள்.

ஆறுமுகத்தாய் அதிகாரிக்கு டீ கொடுத்தாள். “எம் பிள்ளைக்கு ஒரு கொறையும் வைக்கல சார். அவிய ஒரு அடி அடிச்சதில்ல. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தோம்,” என்றாள். குடும்பம் கௌரவமானது என்று தெரிந்தால் ஜட்ஜ் மனம் இரங்குவார் என்பது அவள் கணக்கு.

பாசமான பெற்றோர், குறையில்லாத வளர்ப்பு, அப்படியிருந்தும் இந்தக் கொடூரத்தைத் தானே தேர்ந்தெடுத்தவன் என்றது மேல்கோர்ட். தூக்கு உறுதியானது.

சாதனா சந்துக்கு வந்து ஆறுமுகத்தாயின் முன் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டெல்லியில் இன்னும் ஒரு கோர்ட் பாக்கி என்றாள். அம்மா இப்போது மாற்றிச் சொன்னால் மட்டும் நம்ப மாட்டார்கள், பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்றாள். தான் சொன்ன ஒவ்வொரு நல்ல வார்த்தையும் என்ன செய்திருக்கிறது என்று ஆறுமுகத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். யாரும் விரட்டவில்லை, உட்காரச் சொன்னார்கள். செத்துப்போன பூதத்தானைப் பற்றிக் கோர்ட்டில் போய் எப்படிப் பேசுவது என்றார்கள். கடைசியாக விஜயராணியிடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ கேட்டிருக்கேல்லா தாயி? எம் புருசன் பிள்ளையச் சங்கிலியில கட்டிப் போட்டான்னு சொல்லு. சூடு வச்சான்னு சொல்லு. நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்னும் சொல்லு. எம் பிள்ள உசுரு பொழைக்கும்.”

விஜயராணிக்கும் கண் கலங்கிவிட்டது. தன் முந்தானையால் ஆறுமுகத்தாயின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“என்ன அத்தை இப்படிப் பேசுதிய? உங்க வீட்டப் பத்தி எங்க போயும் நான் தப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உங்கள மாதிரிப் பிள்ள வளத்தவங்க இந்தச் சந்துல யாரு இருக்கா?”