அந்த டைல்ஸைப் பெயர்க்கலாமா?

போன வெள்ளிக்கிழமை காலை ஒருவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே, அவர் வீட்டுச் சுவரை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். இப்படி ஒரு விருந்தாளியை விருத்தாசலம் பார்த்திருக்காது.

விஷயம் இதுதான். வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளிய நானும் என் மனைவி செல்வியும் ஒருவழியாக ஒரு வீட்டைப் பிடித்துவிட்டோம். பத்திரம், வில்லங்கம், வாஸ்து... எல்லாம் பார்த்தாயிற்று. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

ஆனால் செல்விக்கு வீசிங் உண்டு. இப்போதைய வாடகை வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சை. போன மழையில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது. இனி ஒரு ஈரமான வீட்டை அவள் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சுவரைக் கண்டாலே பயம். அதனால்தான் வேப்பூரிலிருந்து நர்மதா என்ற இன்ஜினீயரை வரவழைத்தேன். சுவரில் வைத்தால் ஈரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறார்.

மீட்டரைப் பார்த்ததும் வீட்டுக்காரர் தண்டபாணிக்கு முகம் மாறிவிட்டது. ஏன் மாறாது? வீடு பார்க்க ஜோசியரைக் கூட்டிப்போனால் மரியாதை. பூஞ்சை பார்க்க ஆளைக் கூட்டிப்போனால் அவமானம். பெண் பார்க்கப் போன இடத்தில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டது மாதிரி ஆகிவிட்டது.

போதாக்குறைக்கு மனிதர் செராமிக் ஆள். சொந்தச் சூளையில் கரண்ட் கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்து விற்றவர். வீடு முழுக்க டைல்ஸ். ஹாலில், கிச்சனில், ஏன்... படுக்கையறைச் சுவரில்கூடத் தோள் உயரத்துக்கு! எங்கள் ஊரில் தலைவலி என்றால் தைலம், சுவரில் ஈரம் என்றால் டைல்ஸ். ஒட்டிவிட்டால் பளபளவென்று இருக்கும். அதற்குப் பிறகு யாரும் அந்தச் சுவரைப் பற்றி யோசிப்பதில்லை.

"கிளேஸ் பூசி சுட்ட மண்ணுங்க இது. தண்ணியிலயே போட்டு வெச்சாலும் ஈரம் ஏறாது. இதுல போயி பூஞ்சையா?" என்றார்.

நர்மதா வாதாடவில்லை. படுக்கையறையில் டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே, புது பெயிண்ட் வாசனை போகாத சுவரில் மீட்டரை வைத்தார். அது விடாமல் கத்தியது. பின்பக்கம் பாத்ரூம் என்பதால் தண்ணீர் கசியலாம், ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். நான்தான் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டேன்.

"அட்வான்ஸ குடுத்துட்டு வூட்டையே உடைங்க. அதுக்கு முன்னால ஒரு ஆணி அடிக்கவும் வுட மாட்டேன்" என்றார் தண்டபாணி.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறதே? நாளைக்கு நாங்கள் வேண்டாம் என்று போய்விட்டால், உடைந்த சுவரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி தாண்டிவிட்டது. இந்த வீட்டை விட்டால் இன்னொன்று கிடைக்குமா... கொடுத்துத்தான் தொலைப்போமே என்று ஒரு கணம் தோன்றியது.

அப்போது செல்வி இரும ஆரம்பித்தாள்.

எனக்குத் தெரிந்த இருமல்தான். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். இன்ஹேலர் ஹாலில் இருந்த பையில். ஓடினேன். ஜிப் திறந்து தொலைக்கவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பினால், தண்டபாணியின் மனைவி ராஜேஸ்வரி அம்மாள் ஒரு டம்ளர் வெந்நீரோடு செல்வியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் வெந்நீர் கேட்கவில்லை.

"வெளிய வந்துரும்மா. எனக்கும் இந்த ரூமுல படுத்தா இப்புடித்தான் இழுக்குது. ஹால்ல படுத்தா ஒண்ணும் இல்ல" என்றார் மெதுவாக.

தண்டபாணி அப்படியே நின்றுவிட்டார். மனைவியின் இருமலுக்காகப் பாண்டிச்சேரி வரை வைத்தியம் பார்த்தவர் அவர். சூளைப் புகைதான் காரணம் என்று முடிவு கட்டி, நன்றாக ஓடிய சூளையையும் மூடிவிட்டார். அப்படியும் நிற்கவில்லை. காற்று மாறினால் சரியாகும் என்று சேத்தியாத்தோப்பில் மகள் வீட்டுப் பக்கம் போகத்தான் இந்த வீட்டையே விற்கிறார். இதையெல்லாம் அந்த அம்மாள்தான் எங்களுக்குச் சொன்னார்.

சொல்லி முடிப்பதற்குள் தண்டபாணி உளியும் சுத்தியலுமாக வந்துவிட்டார். கட்டில் ஓரத்து டைல்ஸ் ஒன்றை அவரே பெயர்த்தார்.

பின்னால் சுவர் கறுப்பாக இருந்தது. மழையில் நனைந்த சாக்குமூட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. பக்கத்து டைல்ஸையும் பெயர்த்தார். அங்கேயும் அதேதான்.

"ஈரம் உள்ள போவாதுன்னு மட்டும்தாங்க நெனச்சேன். உள்ள இருக்கறது வெளிய வராதுன்னு நெனக்கல" என்றார் என்னைப் பார்த்து. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "ஏன் ராஜி, ஹால்ல படுத்தா நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றார் அந்த அம்மாள்.

எனக்குத் தண்டபாணிமேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது. அட்வான்ஸ் பையிலேயே இருந்தது; அவரும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது நர்மதாவிடம் மீட்டரை வாங்கி, ஹாலில் மனைவி படுக்கிற பக்கத்துச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராகு காலம் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் ராஜேஸ்வரி அம்மாளுக்கு நல்ல நேரம் பிறந்ததே அப்போதுதான்.