ஆறு நிமிட நிறுத்தம்

துணி ஆலையில் அவளை எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டைகள் இஸ்திரிக்குப் போகும் முன் அவள் மேசைக்கு வரும். காலரைத் திருப்பி, கக்கத்தை இழுத்து, பொத்தானைத் திருகிப் பார்ப்பாள். பிசிறோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். குறை இல்லையென்றால் சீட்டில் கையெழுத்து. பத்தொன்பது வருடமாக இதே வேலை. குறையே இல்லாத சட்டை வந்தால் அவளுக்கு நிம்மதி வராது, சந்தேகம்தான் வரும். இன்னொரு முறை திருப்பிப் பார்ப்பாள்.

இந்தக் கண் வேலை நேரம் முடிந்ததும் மேசையிலேயே தங்கிவிடுமா என்ன? கூடவே வீட்டுக்கும் வரும். வீட்டில் அவள் பரிசோதிக்க இருந்த ஒரே உருப்படி அவள் கணவன்.

அவன் பஸ் டிரைவர். பதினாறு வருடம் ஒரே தடத்தில் ஓட்டியவன். கை சுத்தம், வாய்தான் மோசம். சைக்கிள் ஒன்று குறுக்கே வந்துவிட்டால் அதில் இருப்பவனின் மூன்று தலைமுறையையும் வம்புக்கு இழுப்பான். அந்தக் கோபம் ஆற மாலையில் குடிப்பான். மழை என்றால் கூடுதலாகக் குடிப்பான். "மழைன்னா உடம்பு கேக்குது" என்பான், உடம்பு தனியாக மனுப் போட்ட மாதிரி. அப்படி ஒரு மழைக்கு மறுநாள் காலை டிப்போவில் கருவியில் ஊதச் சொன்னார்கள். மாட்டிக்கொண்டான். ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டு அவனை டிப்போ கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள்.

அன்றைக்கே அவள் ஒரு பையில் துணிகளை அடுக்கிக் கதவோரம் வைத்தாள். "இன்னொரு தடவ வாசன வரட்டும். இந்தப் பையத் தூக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வந்து கூப்பிடாதீங்க." இரண்டு மாதமாகப் பை அங்கேயே நின்றது. தினமும் பெருக்கும்போது நகர்த்துவாள், பெருக்கியதும் பழைய இடத்திலேயே வைப்பாள்.

கேட்டில் உட்கார்ந்த முதல் வாரமே அவன் ஒரு கிழட்டு நாயை அழைத்து வந்தான். டிப்போவில் ஓடாமல் நின்ற ஸ்பேர் பஸ்ஸுக்கு அடியில் கிடந்ததாம், அதனால் பெயரும் ஸ்பேர். ஒரு பின்னங்காலை இழுத்து நடக்கும். மாலை ஆறு மணி ஆனால் கதவைப் பிறாண்டத் தொடங்கிவிடும். இடியோ மழையோ அதற்கு ஒரு பொருட்டில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் அவன் உடம்பு மறுபடி மனுப் போடும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்பேருடன் கிளம்புவான். நாற்பது நிமிடம் கழித்துச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முதலில் நாயைத் துவட்டுவான், பிறகு தன் தலையை. ஒரு நாள் கூரை ஒழுகிக் கட்டில் நனைந்திருந்தது. முன்பெல்லாம் வீட்டுச் சொந்தக்காரரின் பரம்பரையே அன்று நாறியிருக்கும். இவன் பேசாமல் கட்டிலை நகர்த்தி வாளியை வைத்துவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது பிசிறே இல்லாத சட்டை.

அவன் குளிக்கப் போனதும் சட்டையை முகர்ந்து பார்த்தாள். நனைந்த நாயின் நாற்றம் மட்டும்தான். அந்த நாற்றத்துக்குள் எந்த வாசனை வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாமே. நாயைக் கொண்டுவந்ததே அதற்குத்தானோ?

ஆலையில் இஸ்திரி மாஸ்டரிடம் சொன்னாள், அவர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். "கொட்டுற மழையில போயிட்டு ஒரு ஆம்பள சிரிச்ச மூஞ்சியோட திரும்பி வர்றாருன்னா, உள்ள ஏதோ போயிருக்குக்கா. நான் சும்மா சொன்னேன்."

அன்று மழைக்கோட்டுப் பையைத் துழாவினாள். பிளாஸ்டிக் உறைக்குள் பழைய டிரிப் ஷீட் கட்டு ஒன்று இருந்தது. பஸ் எங்கே எப்போது நின்றது என்று டிரைவர்கள் எழுதும் தாள். அதில் நாயோடு போன நடையை ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தான். வீடு 6.00. பே.மு. 6.08. ம.க. 6.14, நிறுத்தம் ஆறு நிமிடம். எல்லா நாளும் ம.க., எல்லா நாளும் ஆறு நிமிடம்.

பே.மு. பேக்கரி முக்கு. அங்கிருந்து ஆறு நிமிடம் நடந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? மதுக்கடை. தப்புச் செய்கிற நேரத்தை யாராவது எழுதி வைப்பார்களா? இவன் வைப்பான். பதினாறு வருடப் பழக்கம்.

மறுநாள் காற்றும் மழையுமாக ஊரையே புரட்டியது. அவன் தெரு திரும்பியதும் அவள் கதவைப் பூட்டினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவது என்று பையையும் தூக்கிக்கொண்டாள். நாலு அடி போவதற்குள் குடை திரும்பிக்கொண்டது.

மதுக்கடை வாசலில் அவன் நின்றான். பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். ஸ்பேர் அதில் சாய்ந்து காலைத் தூக்கி வேலையை முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தது. அவன் நகரவில்லை. கடையை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றான்.

"டிரைவர் அண்ணே! ஏன் நனையறீங்க, உள்ள வாங்க!" கம்பிக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் கூப்பிட்டார்.

போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். பையை இறுக்கிப் பிடித்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். நாய்க்கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். வாட்சைப் பார்த்தான். கடைசியில், "போலாம் ரைட்" என்றான். ஸ்பேர் எழுந்தது. திரும்பியவன் எதிரே பையும் கையுமாக அவள்.

"ம.க.ன்னா என்ன?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"மஞ்சக் கம்பம்" என்று காட்டினான். கம்பத்துக்கு அடியில் பாதி உரிந்த மஞ்சள் பெயிண்ட்.

"நாய்க்கு ஆறு நிமிஷமா?"

"அதுக்கு ஒரு நிமிஷம் போதும். மிச்சம் அஞ்சும் எனக்கு."

"வேற தெருவுல போகக் கூடாதா?"

"போகலாம். ஆனா பஸ்ஸத் திரும்பக் குடுத்தா இந்த வழியாத்தான ஓட்டணும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவ? மொத மழையில காலு தானா கடைப் பக்கம் திரும்பிச்சு. அந்த எரிச்சல்ல இந்த நாயத் திட்டி இழுத்தேன், கெட்டியா உக்காந்துடுச்சு. என் குரல் எறங்கினாத்தான் எந்திரிக்கும். தெனம் நின்னு நின்னு இப்ப குரல் தானா எறங்குது."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விட்டானே என்று கோபமும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக இந்த மனுஷன் மேல் பழைய பிரியம் முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, மழையில் அழுகை தெரியவில்லை.

அவன் பையை வாங்கிக்கொண்டான். எந்தப் பை என்று அவனுக்குத் தெரிந்தது. "இது எங்க கெளம்புச்சு?"

"தொவைக்க எடுத்துட்டு வந்தேன்."

"நடுரோட்டுலயா?"

"சீக்கிரம் நனையும்ல."

வீட்டில் நாயைத் துவட்டியதும் அவன் தாளை எழுதி முடித்து அவள் பக்கம் தள்ளினான். ஓரத்தில் 'செக்கர் கையெழுத்து' என்று ஒரு கட்டம். இரண்டு மாதமாக வெறுமையாகக் கிடந்தது. பஸ் ஓட்டிய காலத்தில் செக்கர் ஏறினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவன் இவன்.

அவள் முதல் வரியிலிருந்து படித்தாள். எழுந்து போய் அவன் சட்டையை ஒரு முறை முகர்ந்துவிட்டு வந்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னிக்கு மட்டுந்தான்."

"நாளைக்கு?"

"அத நாளைக்குப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

பையிலிருந்த துணி முழுவதும் நனைந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து வீட்டுக்குள்ளேயே கொடியில் போட்டாள். இந்த மழையில் காய எப்படியும் நாலு நாள் ஆகும். அதுவரை எங்கேயும் போக முடியாது.