ரைன் கரையில் ஒரு மாட்டுப் பண்ணை விற்பனைக்கு

வீடு காணி விற்றுக்கொடுக்கிற தரகருக்கு, விற்கவேண்டிய பொருளின் மேல் தனக்கே ஆசை வந்துவிடக் கூடாது. ஏதாவது ஒன்றை யாருக்காவது விற்று வயிறு கழுவுகிற என் சகபாடிகளே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. டுசல்டோர்ஃபில் அடுக்குமாடி வீடுகள் காட்டிக்கொண்டு திரிந்த எனக்கு அந்த ஆசை ஒருமுறை வந்தது. வந்ததும் வந்தது, மாடுகளோடு வந்தது. இதில் வருகிறவர்கள் அனேகமாக ஜெர்மனில்தான் கதைத்தார்கள். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தருகிறேன்.

மாடு தெரிந்த ஆள்

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் முதலாளி விற்பனைக் கோப்பு ஒன்றை என் மேசையில் வைத்தார். டச்சு எல்லைக்குப் போகிற வழியில், ரைன் நதிக்கரையில் ஒரு மாட்டுப் பண்ணை. வீடு, கொட்டில், மாடுகள், ஆற்றோரப் புல்வெளி எல்லாம் சேர்த்து விற்பனை. அலுவலகத்தில் ஒருவரும் கை வைக்க விரும்பவில்லை.

எனக்கும் மாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மா அப்பாவுக்கு ஊர் யாழ்ப்பாணம் என்றாலும், நான் வளர்ந்தது டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்து நகரமான நொய்ஸில், மூன்றாம் மாடி வீட்டில். நான் நெருங்கிப் பார்த்த மாடு பால் பெட்டியில் அச்சடித்த மாடுதான். ஏன் எனக்கு என்று கேட்டேன். என் பெயருக்கு முன்னால் 'பிராவ்', அதாவது அம்மணி, போட்டுக் கூப்பிடுகிற முதலாளி ஒரு யோசனையும் இல்லாமல் சொன்னார்: "உங்கட ஆக்கள் மாட்டைக் கும்பிடுறவைதானே, பிராவ் நாதன், உங்களுக்குத்தான் இது சரிவரும்."

வரவேற்பு

சொந்தக்காரர் ஹைன்ரிக் அறுபதைத் தாண்டியவர். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து ஊன்றுகோலோடு நடந்தார். பிள்ளைகள் இல்லை. ஆற்றோரப் புல்வெளி முழுவதையும் பறவைகளுக்காக இயற்கைப் பாதுகாப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார். குஞ்சுகள் பறக்கும்வரை அங்கே புல் வெட்ட முடியாது, உரம் போட முடியாது, கட்டடம் என்றைக்குமே எழுப்ப முடியாது. யார் வாங்கினாலும் இதே சட்டம். மாடு மேய்ந்தால்தான் புல் கட்டையாக நிற்கும். கட்டையாக நின்றால்தான் ஆள்காட்டிக் குருவி கூடு வைக்கும். அதனால் மாடுகளையும் சேர்த்தே வாங்கவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இலையுதிர் காலத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் மாடுகள் இறைச்சி வியாபாரியிடம் போய்விடும். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார்.

படலையைத் திறந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். சிவப்பும் வெள்ளையுமாக மாடுகள், அவற்றின் கால்களுக்கு இடையில் தவளை தேடுகிற நாரைகள், பின்னால் சரக்குக் கப்பல் ஒன்று புல்வெளிக்கு மேலே மிதக்கிற மாதிரிப் போகிறது. நான் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு படம் பிடிக்க ஓடினேன். அடுத்த நிமிடம் கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று கத்திக்கொண்டு என் தலையை நோக்கிப் பாய்ந்தது. நான் கோப்பால் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டேன். ஹைன்ரிக் ஆறுதலாக நடந்து வந்து சொன்னார்: "பயப்பிடாதேங்கோ, இதுவரைக்கும் காணி அளக்க வந்தவரை மட்டும்தான் கொத்தினது."

படகுக்காரர்

விளம்பரம் போட்ட கையோடு முதலில் வந்தவர் ஒரு பெரிய கம்பனிக்காரர். பளபளக்கிற கார், பளபளக்கிற சப்பாத்து. வீட்டைப் பார்க்கவேயில்லை, நேரே ஆற்றங்கரைக்குப் போய், இதில் படகுத்துறை, அதில் நீச்சல்குளம் என்று கையை நீட்டிக்கொண்டே நடந்தார். கேட்ட விலைக்கு மேலேயே தருவதாகச் சொன்னார். முதலாளிக்கு இது தெரிந்தால் என்னைத் தோளில் தூக்கி ஆடுவார் என்று எனக்குத் தெரியும்.

நான் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை விளக்கினேன். பிறகு வரைபடத்தை விரித்து இன்னொருமுறை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, எல்லாம் விளங்கியவர் போலத் தலையாட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "சரி, பறவையளை எப்பத்தைக்குக் குடியெழுப்பித் தருவீங்கள்?"

கலியாண மண்டபம்

எங்கள் ஆட்களுக்குச் செய்தி எப்படிப் போனதோ, அடுத்த ஞாயிறு சிவா அண்ணையும் அவருடைய மனைவி வசந்தி அக்காவும் வந்து இறங்கினார்கள். டுசல்டோர்ஃபில் விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவர்கள். வரும்போதே பெட்டி நிறைய வடை. ஹைன்ரிக் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சிவா அண்ணைக்கு இடம் பிடித்துப்போயிற்று. "தங்கச்சி, இந்தக் கொட்டிலை மண்டபமாக்கினால் ஐந்நூறு பேர் இருக்கலாம், மாப்பிள்ளையைப் படகில கொண்டுவரலாம்" என்று சொல்லச் சொல்ல எனக்கும் உற்சாகம் பிடித்துவிட்டது. மாடுகளைக்கூட வைத்திருக்கத் தயார் என்றார். பிறகுதான், பறவைகள் கூடு கட்டுகிற மாதங்களில் ஒலிபெருக்கி கூடாது, வாணவேடிக்கை எந்த மாதமும் கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா கூரைமேல் நின்ற நாரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்: "மேளமும் அடிக்க ஏலாது, வெடியும் கொளுத்த ஏலாது எண்டால், கலியாணத்தை ஆருக்குப் பிள்ளை வைக்கிறது, உந்த நாரைக்கோ?"

ஆறு வந்த நாள்

ஜூன் மாதம் தெற்கே மழை கொட்டி, ரைன் பெருகத் தொடங்கியது. அன்றைக்கு ஒரு இளம் சோடிக்கு டெர்மின், அதாவது வந்து பார்க்கிற நேரம், கொடுத்திருந்தேன். அன்யா வடக்கே ஒரு பெரிய பண்ணையில் சம்பளத்துக்கு மாடு பார்க்கிறவள். கணவன் யோனாஸ் தச்சுவேலை செய்கிறவன். நாங்கள் போய் இறங்கும்போது ஹைன்ரிக் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகத்தில் இரத்தமே இல்லை. எதிர்பார்த்ததைவிடக் கெதியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. மாடுகளும் கன்றுகளும் பள்ளத்துப் புல்வெளியில். கூப்பிட்ட அயலவர் வந்துசேர நேரமாகும். ஊன்றுகோலோடு அவரால் ஒன்றும் செய்ய ஏலாது.

அன்யா ஒன்றும் கேட்கவில்லை. கொட்டிலுக்குள் ஓடி, வாளியில் தீவனத்தை அள்ளி, அதைக் குலுக்கிக்கொண்டு புல்வெளிக்குள் இறங்கினாள். பெரிய சிவப்பு மாடொன்று தலையைத் தூக்கியது. அது நடக்க மற்றவை பின்னால் நடந்தன. குறுக்குவழி ஒரு மேட்டின் ஊடாகப் போனது. அந்த மேட்டில்தான் குருவிகளின் கூடுகள், சுற்றி வெள்ளை நாடா கட்டியிருந்தது. தண்ணீர் அவளுடைய முழங்காலுக்கு வந்துவிட்டது. "கூட்டைப் பாராதை, குறுக்கால வா!" என்று யோனாஸ் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்காமல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனாள், மாடுகளும் சுற்றிக்கொண்டு போயின.

ஒரு கன்று மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது. யோனாஸ் இறங்கினான். நான் ஏன் இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அலுவலகச் சப்பாத்தோடு, கோட்டோடு இறங்கினேன். அவன் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, கன்று என் நெஞ்சில் ஒரு உதை விட்டுக் கரையேறியது. நான் சேற்றில் மல்லாக்க விழுந்து, பைத்தியம் பிடித்தவள் மாதிரிச் சிரித்தேன். படலையடியில் எல்லா மாடுகளும் வந்து சேர்ந்தபின், ஹைன்ரிக் அந்தச் சிவப்பு மாட்டின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பிராவ் நாதன், மற்ற ஆக்களின்ர டெர்மினை எல்லாம் நிப்பாட்டுங்கோ."

கையெழுத்து

சொல்வது லேசு. வங்கி அன்யாவுக்கும் யோனாஸுக்கும் முழுக் கடனும் கொடுக்க மறுத்துவிட்டது. படகுக்காரர், சட்டத்தை வழக்குப் போட்டு உடைக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இன்னும் கூட்டித் தருவதாக முதலாளிக்கு நேரே தொலைபேசி எடுத்தார். முதலாளி ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் வழி சொன்னது ஹைன்ரிக்தான். விலையில் பாதிக் காசை இப்போது எடுப்பார். மீதியை அவர்கள் மாதாமாதம் கொடுக்கட்டும், தான் சாகும்வரை முற்றத்துச் சின்ன வீட்டில் இருப்பார்.

காணிப் பத்திரம் முடிக்கிற நொத்தாரிசின் அலுவலகத்தில், இந்த நாட்டு முறைப்படி, அவரே பத்திரம் முழுவதையும் சத்தமாக வாசித்தார். யாராவது ஒருவர் மனம் மாறினால் எல்லாம் போச்சு. நடுவில் அன்யாவின் தொலைபேசி அதிர்ந்தது. பண்ணையில் பார்த்துக்கொண்டிருந்த அயலவர், மாடு ஒன்று கன்று போடத் தொடங்கிவிட்டது, கன்றின் கால் உள்ளே மடங்கியிருக்கிறது என்றார். ஹைன்ரிக் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். யோனாஸ் அவரைப் பிடித்து இருத்தினான். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி எங்கள் எல்லாரையும் பார்த்தார். அன்யா பேனையை முன்கூட்டியே கையில் எடுத்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: "ஐயா, கொஞ்சம் கெதியா வாசியுங்கோ, கன்றுக்குட்டி உங்களைப் பார்த்துக்கொண்டிராது."

கன்று பிழைத்தது, பண்ணை விற்றது, நான் திரும்பவும் அடுக்குமாடி வீடு காட்டப் போய்விட்டேன். ஆனால் பல்கனியில் நின்று "இங்கே ஒரு சத்தமும் இல்லை, ஒரு தொல்லையும் இல்லை" என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லும்போதெல்லாம், நான் வீட்டைப் புகழ்கிறேனா குறை சொல்கிறேனா என்று எனக்கே பிடிபடுவதில்லை.