உப்பேறிய ஊற்று

ஐம்பதுகளில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன தீவில், மணலை முழங்கால் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதற்கும் கீழே போனால் உப்பு. எனக்குத் தெரியாதா என்ன? வறண்டு வீசும் கச்சான் காற்றில் என் கத்திரிச் செடிகள் வாடின. தண்ணீர் ஊறும்வரை பொறுக்காமல், பக்கத்து வீட்டு மதினியும் நானும் பொதுவாக இறைத்த ஊற்றை ஆழமாகத் தோண்டிவிட்டேன். நாலே நாளில் தண்ணீர் கரித்தது. அவள் செடிகள் அத்தனையும் கருகின; என்னுடையதில் நாலு தப்பின.

“கடல் உள்ள ஏறிருச்சு, நம்ம என்ன செய்ய?” என்றாள் மதினி. ஆழமாகத் தோண்டியது நான்தான் என்று சொல்லாமல், தப்பிய நாலு செடிக்கும் மண் அணைத்தேன்.

மறுநாள் தூரத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் சுமந்து வந்து என் வாசலில் இறக்கினாள்.

“என்னுது போச்சு. ஒஞ்செடியாவது பொழைக்கட்டும்.”

வெட்கமில்லாமல் அதையும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினேன்.