கயிற்றைத் தடவிய பனியன்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறவரைப் பனியன் மெக்கானிக் என்றால்தான் தெரியும். பையில் ஸ்பேனர் இருக்கிறதோ இல்லையோ, பழைய பருத்திப் பனியன் ஒன்று இருக்கும். இருபது வருஷமாக அதே கோலம். காபி கொடுத்தால் குடிப்பார், வாயைத் திறக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு காலை, "லிஃப்டைத் தூக்கற இரும்புக் கயிறு போச்சு, நிறுத்தணும். புதுசு வர நாலு நாளாகும்" என்றதும் குடியிருப்போர் சங்கம் கொதித்தது. உடனே கூட்டம்.

"நேத்து ஓடினது இன்னிக்கு ஓடாதா?" என்றார் வங்கிக்காரர். "எல்லாரும் என்ன சொல்றாங்களோ அதான் முடிவு. ஓடட்டும்ங்கறவங்க கை தூக்குங்க!"

முப்பத்தொரு கைகள். முதல் கை செயலாளரம்மாவுடையது. பாவம், வேறென்ன செய்வார்? ஆறாம் மாடியில் சிறுநீரகம் கெட்டுக் கிடக்கும் கணவர். மதியம் டயாலிசிஸுக்குப் போயே ஆகவேண்டும், ஒரு படி இறங்கத் தெம்பில்லை.

மெக்கானிக் கோபப்படவில்லை. "நீங்க கை தூக்கினது கயித்துக்குத் தெரியாதும்மா. மேல வந்து பாருங்க."

மோட்டார் அறையில் காலி லிஃப்டை ஆமை வேகத்தில் ஓடவிட்டு, நகரும் கயிற்றின்மேல் பனியனை லேசாகப் பிடித்தார். கண்ணுக்குப் பளபளவென்றிருந்த கயிறு துணியைக் கடித்துக் கடித்து இழுத்தது. மெல்லிய கம்பி அறுந்த இடத்திலெல்லாம் வெள்ளை நூல் மாட்டித் தொங்கியது. ஒன்றா, இரண்டா!

அம்மா அந்த நூல்களையே பார்த்தார். முந்தாநாள்கூட என் கணவரை இதில்தானே ஏற்றி வந்தேன்! முப்பத்தொரு பேருக்குத் தெரியாதது இந்த மனுஷனின் இரண்டு விரலுக்குத் தெரிந்திருக்கிறதே!

கீழே வந்து லிஃப்டை அம்மா தம் கையாலேயே பூட்டினார். "கூட்டத்து முடிவு செல்லாது. ஆனா எங்க வீட்டுக்காரரை எப்படி இறக்கறது?" மாடிப்படியைப் பார்த்தார்.

மெக்கானிக் கூட்டத்தைப் பார்த்தார். "சாரை நாற்காலியோட தூக்கி இறக்கணும். இப்ப தூக்குங்க கையை!"

யாரும் கைகளை எண்ணவில்லை. முதல் கை வங்கிக்காரருடையது. மாடிக்கு மாடி ஆள் மாற, மெக்கானிக் மட்டும் நாற்காலியின் முன்பிடியை விடவே இல்லை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் கணவர் கேட்டார், "லிஃப்டுக்கு என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க" என்றார் மருந்துப் பையோடு பின்னால் இறங்கிய அம்மா. கண்ணில் நீர் நிற்கவில்லை. "ஆகறதுக்கு முன்னாடி அவரு தொட்டுப் பாத்துட்டாரு."